கடல் இல்லாத ஊரில் ஸ்பானிஷ்: மணப்பாட்டிலிருந்து கோச்சபம்பாவுக்கு

மணப்பாட்டில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டுத் திண்ணையில் அலைச் சத்தம் கேட்காத நேரம் கிடையாது. துறவு சபையில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது; குருப்பட்டத்துக்கு இன்னும் படிப்பு பாக்கி. அதற்கு நடுவில் வெளிநாட்டு மறைப்பணிப் பயிற்சிக்காகச் சபை என்னைப் பொலிவியாவுக்கு அனுப்பியது. முதல் வேலை ஸ்பானிஷ் கற்பது. தென் அமெரிக்காவில் கடற்கரை இல்லாத நாடுகள் இரண்டுதான். ஒன்று பராகுவே, இன்னொன்று இது. பொலிவியாவின் கோச்சபம்பா நகரில் ராத்திரி நேரங்களில் எழுதி வைத்ததில் சில நாட்களை இங்கே தருகிறேன்.

ஜூலை 9, 2018, திங்கள்

விமானத்தை விட்டு இறங்கியபோது கண் கூசும் வெயில். நம்ம ஊர் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்தேன். பொழுது சாய்ந்து அரை மணி நேரத்தில் விரல்கள் விறைத்துவிட்டன. ஊரின் உயரம் 2,558 மீட்டர். கொடைக்கானலைவிட 400 மீட்டர் அதிகம். இங்கே ஜூலை குளிர்காலம். வீடுகளில் கணப்பு கிடையாது, கம்பளிதான் துணை.

நான் தங்கியிருப்பது ஒரு அம்மாவின் வீட்டில். அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. எட்டு வயதுப் பேரன் கூட இருக்கிறான். வாசலில் நின்று என் கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்றார். அவர் பேசியதில் 'எர்மானோ' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. சகோதரர் என்று அர்த்தம். அதையே கொஞ்சம் செல்லமாக 'எர்மானித்தோ' என்றும் கூப்பிட்டார்.

ராத்திரிக்கு நிலக்கடலை சூப். பச்சைக் கடலையை அரைத்து, கறியும் காய்கறியும் போட்டுக் கொதிக்கவைத்து, மேலே பொரித்த உருளைக்கிழங்கு தூவியிருந்தார். கடலையைச் சட்னியாகத் தெரியும், கடலைமிட்டாயாகத் தெரியும். இப்படிப் பால் போல வெள்ளையாக, சூடாக, வயிற்றுக்கு இதமாகக் குடித்ததில்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

குளியலறையில் ஷவரின் தலையிலேயே மின்சாரக் கம்பி இழுத்து வைத்திருக்கிறார்கள். வெந்நீர் அதில்தான். ஈரக் கையோடு குழாயைத் திருகினேன், சுரீர் என்று இழுத்தது. பேரன் ஓடிப்போய் ஒரு ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்து, போட்டுக்கொள் என்று காலைக் காட்டினான்.

ஜூலை 12, வியாழன்

ஒரு நாளைக்கு நாலு வகுப்பு. மேரிநோல் என்ற அமெரிக்க மறைபரப்புச் சபையார் 1965-லேயே இந்த ஊரில் மொழிப்பள்ளி தொடங்கினார்கள். அன்று முதல் எத்தனையோ மிஷனரிகள் இங்கே நாக்குப் பழகிப் போயிருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, தெருவில் யாரும் எங்கள் தடுமாற்றத்தைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருக்கிறார்கள்.

என்னோடு ஒரு போலந்து குரு, ஒரு வியட்நாம் அருள்சகோதரி, ஒரு கென்யச் சகோதரர். இன்றைய பாடம் 'மே குஸ்தா'. 'நான் காபியை விரும்புகிறேன்' என்று சொல்ல இந்த மொழியில் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்ற அமைப்புத்தான். போலந்து குரு 'நான்' என்று ஆரம்பித்துவிட்டு மறுபடியும் மறுபடியும் நின்றார். எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. மே குஸ்தா, எனக்குப் பிடிக்கும். மே துவேலே லா காபேசா, எனக்குத் தலை வலிக்கிறது. பத்தாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு மொழி என் அம்மா பேசுகிற மாதிரி வாக்கியத்தை அடுக்குகிறதே என்று உடம்பு சிலிர்த்தது. வினைச்சொல்லும் அப்படித்தான். 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்'. 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ஆள் யார் என்பது நம்மைப் போலவே வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஒலிகளும் கைகொடுத்தன. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்லும் நமக்கு இது வரும். ஆனால் மலைப்பக்கத்து மக்கள் அந்த வல்லின றகரத்தை ஸகரம் கலந்து உரசுகிற மாதிரி சொல்கிறார்கள். வகுப்பில் கற்றது ஒன்று, தெருவில் காதில் விழுவது ஒன்று.

திரும்பும்போது ட்ருஃபியில் ஏறினேன். ஒரே தடத்தில் ஓடும் பகிர்வு வண்டி, கட்டணம் 2 பொலிவியானோ. ஒரு பொலிவியானோ நம் பணத்தில் ஏறக்குறைய 10 ரூபாய். ஏறுகிற ஒவ்வொருவரும் உள்ளே இருக்கிற எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. இறங்கத்தான் தெரியவில்லை. நிறுத்தம் என்று எதுவும் கிடையாது. 'மூலையில் இருந்துகொள்கிறேன்' என்று ஓட்டுநரிடம் குரல் கொடுக்க வேண்டும். இறங்குவதற்கு 'இருந்துகொள்கிறேன்' என்பார்கள் என்று யார் கண்டது? வீட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போய்விட்டு நடந்து வந்தேன்.

ஜூலை 20, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வீட்டம்மாவின் பிழைப்பு சால்தேஞா. கறியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து அடுப்பில் சுடும் ஒரு பணியாரம். முந்தின நாளே குழம்பைக் காய்ச்சி, ஜெலட்டின் சேர்த்து ஆறவிட்டு உறைய வைத்துவிடுவார். உறைந்த குழம்பை மாவுக்குள் வைத்து மூடிச் சுடும்போது உள்ளே மறுபடி சாறாக உருகுகிறது. கடிக்கிறவர் நிமிர்த்திப் பிடித்து, நுனியில் சின்னதாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். சாய்த்தால் முழங்கை வரை வழியும். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து ஓரத்தைப் பின்னல் போல மடிப்பார். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அந்தக் கட்டைவிரல் போகும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு சால்தேஞாவுக்குப் பதினைந்து மடிப்பாவது இருக்கும். தெருமுனையில் வைத்து ஒன்று 5 பொலிவியானோ என்று விற்பார். காலைப் பலகாரம் அது. மதியம் தாண்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்குச் செய்தது அன்றைக்கே போயாக வேண்டும்.

நேற்று ராத்திரி பக்கத்துத் தெருவில் சாலை மறியல் பேச்சு. இங்கே மறியல் என்றால் கல்லையும் டயரையும் குறுக்கே போட்டு ஊரையே நிறுத்திவிடுவார்கள். சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டார்: "நாளைக்கு மறியல் இருக்குமா, எர்மானோ?" வகுப்பில் ஆசிரியை சொன்னது எனக்கு நினைவிருந்தது. 'இருக்கும் என்று நினைக்கிறேன்' என்று பதில் சொல்ல நினைத்து, "கியேரோ கே சீ" என்றேன்.

கரண்டி நின்றது. பேரன் என்னைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான். 'கிரேயோ' என்றால் நம்புகிறேன், நினைக்கிறேன். 'கியேரோ' என்றால் வேண்டும், விரும்புகிறேன். மறியல் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதாக, அன்றாடம் விற்றால்தான் அடுப்பெரியும் ஒரு பெண்மணியிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா கோபப்படவில்லை. மேசைத் துணியில் விரலால் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றைத் தொட்டுத் தன் நெற்றியைக் காட்டினார்: "கிரேயோ." இன்னொன்றைத் தொட்டு நெஞ்சைக் காட்டினார்: "கியேரோ." என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். ஏழெட்டுத் தடவை ஆனபிறகுதான் கரண்டியை எடுத்தார்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. சவேரியார் நினைவுக்கு வந்தார். 1542-இல் எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்த அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணி அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1544-இல் உடன் பணியாளர் மன்சில்யாசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லாதே, அதற்கு 'விரும்புகிறேன்' என்று பொருள். 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடு என்கிறார். அதே இரண்டு சொற்கள்! எங்கள் கரையில் அந்தப் பிழையை யாரோ ஒரு பரதவர் அவருக்குத் திருத்திக் கொடுத்திருக்க வேண்டும். அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியாது. மணப்பாட்டுக் குகையில் சவேரியாரிடம் எத்தனையோ முறை ஜெபித்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரை இன்றுதான் முதல்முறையாக நினைத்தேன்.

ஜூலை 28, சனி

அம்மாவோடு லா கான்சா சந்தைக்குப் போனேன். மதுரை மாட்டுத்தாவணியையும் புதுமண்டபத்தையும் சேர்த்துப் பத்தால் பெருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. உருளைக்கிழங்கு மட்டுமே ஒரு தெரு முழுக்க. மஞ்சள், ஊதா, கறுப்பு என்று விதவிதம். உறைபனியில் போட்டுக் காலால் மிதித்துக் காயவைத்த 'சூஞோ'வும் உண்டு. வருடக்கணக்கில் கெடாதாம். நம் கருவாடு மாதிரி, பஞ்சத்துக்கு வைத்த சாப்பாடு. மீன்தான் கண்ணில் படவே இல்லை. தேடிப் பார்த்ததில் கீழ்நாட்டு ஆற்றுமீன் கொஞ்சம் ஐஸில் கிடந்தது. செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பழக்கத்தில் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரி, "மீன்காரரா நீங்கள்?" என்று கேட்டார். "என் அப்பா" என்றேன். சொன்ன வாக்கியம் சரியாக வந்ததில் அவ்வளவு சந்தோஷம்.

விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் 'காசேரா' என்றே அழைக்கிறார்கள். வாடிக்கை என்று பொருள். காய் நிறுத்துப் போட்டபிறகு அம்மா, "யாப்பா, காசேரிதா" என்றார். கடைக்காரி சிரித்துக்கொண்டே இரண்டு தக்காளியைப் பையில் போட்டார். இந்த மலைநாட்டுப் பழங்குடிகளின் கெச்சுவா மொழிச் சொல்லாம். எனக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. கொசுறு!

வீட்டுக்கு வந்து யாஹ்வா அரைத்தோம். தக்காளி, லொகோட்டோ என்ற காரமான குண்டு மிளகாய், கில்கிஞா என்ற வாசனைக் கீரை, உப்பு. அரைப்பது 'பாத்தான்' என்ற தட்டைக் கல்லில். நம் அம்மிதான், ஆனால் குழவி உருளையாக இல்லை. அரை நிலா வடிவக் கல். அதை முன்னும் பின்னும் தள்ளுவதில்லை. இரண்டு முனையையும் பிடித்துத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்ட வேண்டும். நான் அம்மியில் அரைப்பதுபோல் இழுத்தேன், தக்காளிச் சாறு சுவரில் தெறித்தது. அம்மா என் கையின்மேல் தன் கையை வைத்து ஆட்டிக் காட்டினார். அந்தக் காரம் நாக்கில் பட்டதும் வீட்டு நினைவு வந்துவிட்டது. இங்கு வந்து இன்றுதான் வயிறார, காரத்தோடு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 6, திங்கள்

நேற்று தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. தங்கை வாட்ஸாப்பில் படங்கள் அனுப்பியிருந்தாள். இன்று பொலிவியாவின் சுதந்திர தினம். 1825-இல் விடுதலை பெற்ற நாள். பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்தார்கள். பேரன் வெள்ளைக் கையுறை போட்டு, கொடிக்கம்பம் போல விறைப்பாக நடந்தான். கடற்படைச் சீருடையிலும் ஒரு வரிசை போனது. ஆம், கடல் போனபிறகும் இந்த நாடு கடற்படையை வைத்திருக்கிறது. 1879-இல் தொடங்கிய போரில் சிலியிடம் இழந்தது சுமார் 400 கிலோமீட்டர் கரை. ஒவ்வொரு வருடமும் மார்ச் 23-ஐக் கடல் நாளாக நினைவுகூர்கிறார்கள். இப்போது ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கு. தீர்ப்பு எப்போது என்பதுதான் பேச்சு.

சாயங்காலம் பேரன் என் அறைக்கு வந்தான். "எர்மானோ, கடல் நிஜமாகவே உப்பா?"

"நிஜமாகவே."

"எல்லா இடத்திலேயுமா? அடியிலும்?"

"அடியிலும்."

"சத்தம் எப்படி இருக்கும்?"

இதற்கு என்னிடம் ஸ்பானிஷ் இல்லை. தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே விடிகாலை மூன்றரை. என்ன ஏது என்று கேட்காமல் கரைக்குப் போய், இரண்டு நிமிடம் அலையைப் பதிவு செய்து அனுப்பினாள். நடுவில் ஒரு வள்ளத்தின் இன்ஜின் சத்தமும், யாரோ "ஏலே, கயித்தப் பிடி" என்பதும் கேட்டது. பிள்ளை போனைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னான். அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்டான். சொன்னேன். இப்போது அவன் வீடு முழுக்க "ஏலே" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிகிறான்.

ஆகஸ்ட் 16, வியாழன்

கால் கொப்புளத்தோடு எழுதுகிறேன். நள்ளிரவில் கோச்சபம்பாவிலிருந்து கில்லாகொல்லோ வரை, பதினான்கு கிலோமீட்டர் சொச்சம், உர்குபிஞா மாதாவைப் பார்க்க நடந்தோம். சாலை முழுக்க மக்கள். போர்வை போர்த்திய பாட்டிகள், முதுகில் குழந்தை கட்டிய தாய்மார்கள். வழியில் ஊதா மக்காச்சோளத்தில் காய்ச்சிய 'ஆப்பி' விற்றார்கள். பட்டையும் கிராம்பும் போட்ட இனிப்புக் கூழ். அந்தக் குளிரில் இரண்டு கையாலும் குவளையைப் பிடித்து நிற்பதே சுகம். பக்கத்தில் நின்று குடித்த முன்பின் தெரியாத மனிதர், "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்ற பொருளில் "ப்ரோவேச்சோ" என்றார். எந்தக் கடையிலும் இப்படித்தான், பக்கத்து மேசைக்கு வாழ்த்துச் சொல்லாமல் யாரும் எழுந்து போவதில்லை.

ஆடு மேய்த்த ஒரு சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்த குன்று இது. அவள் கெச்சுவாவில் 'இதோ குன்றின்மேல் இருக்கிறாள்' என்று கத்தியதிலிருந்து பெயர் வந்தது என்கிறார்கள். வேளாங்கண்ணியின் பால்காரச் சிறுவனை நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் குன்றில் ஒரே சம்மட்டிச் சத்தம். பாறையை உடைத்து ஆளுக்கொரு கல் எடுக்கிறார்கள். அது மாதாவிடம் வாங்கும் கடன். அடுத்த வருடம் நன்றியோடு திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். பக்கத்தில் குட்டி வீடு, குட்டிக் கார், பொம்மை டாலர் கட்டு, பட்டச் சான்றிதழ் எல்லாம் விற்கிறார்கள். வேண்டியதை வாங்கி மந்திரித்து, சிச்சா என்ற சோளக் கள்ளைத் தெளித்து எடுத்துப் போகிறார்கள்.

வகுப்புத் தோழர் ஒருவருக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை, இது விசுவாசமா என்று கேட்டார். வேளாங்கண்ணியில் வெள்ளியில் செய்த கை, கால், வீடு காணிக்கை வைக்கிற மக்களிடமிருந்து வந்தவன் நான். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா வாங்கியது ஒரு சின்னஞ்சிறிய அடுப்பு, கதவு திறந்து மூடுவது. இப்போதைய அடுப்பு ஒரு பக்கம் கருக்கிவிடுகிறது என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை முந்தானை மாதிரி போர்த்திய சால்வைக்குள் வைத்து, கண்ணீரோடு மாதாவிடம் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். முழுதாகப் புரிந்தது.

நானும் வாடகைச் சம்மட்டியால் இருபது நிமிடம் அடித்தேன். கட்டைவிரல் அளவு சில்லுதான் வந்தது. மேசைமேல் இருக்கிறது.

செப்டம்பர் 14, வெள்ளி

எங்கள் ஊரில் இன்று திருச்சிலுவைத் திருவிழா. இங்கேயும் விழா; 1810-இல் கோச்சபம்பா மக்கள் ஸ்பெயினுக்கு எதிராக எழுந்த நாள். ஊரின் நடுச் சதுக்கத்துக்கே 'செப்டம்பர் 14' என்றுதான் பெயர். ராத்திரி ஜெபத்தை நான் நடத்த வேண்டும் என்று அம்மா சொன்னார்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் தடுக்கினேன். வார்த்தை மறக்கவில்லை. தமிழில் நாம் கடவுளை 'நீர்', 'உமது' என்கிறோம். இங்கே பெரியவர்களை 'உஸ்தேத்' என்று மரியாதையாகக் கூப்பிடப் பழகிய வாயால், கடவுளை 'து' என்று, 'நீ' என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. வீட்டம்மாவையே நான் 'உஸ்தேத்' என்றுதான் கூப்பிடுகிறேன். இருட்டில், பேரன் என்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்க, 'உன் பெயர்' என்று சொன்னபோது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் இருந்தது.

அக்டோபர் 1, திங்கள்

இன்று காலை ஒன்பதுக்குக் கடல் வழக்கில் தீர்ப்பு. முதல் வகுப்பைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அம்மா சீக்கிரமே விற்று முடித்து வந்துவிட்டார். தெருவில் கொடிகள். பேரன் பள்ளிச் சீருடையோடு தொலைக்காட்சிக்கு முன்னால்.

நீதிபதி ஒரு மணி நேரத்துக்கும் மேல் படித்தார். ஒவ்வொரு ஆதாரமாக எடுத்து, இதிலிருந்து கடமை பிறக்கவில்லை, இதிலிருந்தும் பிறக்கவில்லை என்று வந்துகொண்டே இருந்தது. ஜூலையில் வந்தபோது இதில் பத்து வார்த்தை எனக்குப் புரிந்திருக்காது. இன்று ஒன்றுகூட விடாமல் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பன்னிரண்டு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். கடல்வழி பற்றிப் பேச்சுவார்த்தை நடத்தச் சிலிக்குச் சட்டப்படி கடமை இல்லை. அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார்.

பேரன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். "அப்படின்னா நாங்கள் கடலுக்குத் திரும்பவே மாட்டோமா, எர்மானோ? திரும்புவோம் என்று நினைக்கிறீர்களா?"

இரண்டு சொல்லும் இப்போது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"கியேரோ கே சீ" என்றேன்.

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. அம்மா காதில் விழுந்திருக்கிறது. திருத்த வரவில்லை.